டிஸ்க் வாங்கியது ஒரு குற்றமா?

நேற்றைய கூத்தைப் பார்த்திருப்பீர்கள், முழுக்கதையும் திரும்பச் சொல்லவில்லை. லினக்ஸ் கம்ப்யூட்டரில் புதிதாக 4 டிபி டிஸ்க் போட்டவர் ஒருவர், "ஃபார்மட் பண்ணிட்டேன், ஆனா ஒரு ஃபோல்டர்கூட உருவாக்க முடியல" என்று பதிவு போட்டுக் கேட்டார். முதல் பதில், "மேன் பேஜ் படிங்க", அதாவது லினக்ஸ் கமாண்டுகளின் கையேட்டைப் படிக்கச் சொல்கிறார். அடுத்தது சிரிப்பு எமோஜி. அதற்கடுத்தது, "லினக்ஸ் எல்லாருக்கும் செட் ஆகாது ப்ரோ."

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சொந்தக் காசில் வாங்கிய டிஸ்க்கைச் சொந்தக் கம்ப்யூட்டரில் மாட்டியவர் அதில் எழுத முடியாமல் விழித்தால், தப்பு அவர்மேல் இல்லை.

என்ன நடந்திருக்கும் என்று சிரித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். டிஸ்க்கைப் பிரித்து ஃபார்மட் செய்யும் ஜிபார்ட்டெட் என்ற கருவியில், ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் செய்திருப்பார். அப்படிச் செய்தால் டிஸ்க்கின் உரிமையாளர் ரூட், அதாவது லினக்ஸின் நிர்வாகிக் கணக்கு; வாங்கியவர் வெறும் பார்வையாளர். போதாததற்கு 5 சதவீத இடம் ரூட்டுக்கென்று ஒதுக்கப்படும். 4 டிபியில் அது 200 ஜிபி! சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் பிரிவில்) அதற்கு நியாயம் உண்டு, இடம் நிரம்பினாலும் ரூட் உள்ளே புகுந்து சுத்தம் செய்யலாம். குடும்பப் படங்களைப் போட்டு வைக்கும் டிஸ்க்கில் ரூட்டுக்கு என்ன வேலை? "இது உங்கள் உபயோகத்துக்கா?" என்று ஃபார்மட் செய்யும்போதே ஒரு கேள்வி கேட்டால் முடிந்தது.

"டிஸ்க்கைக் கையாள க்னோம் டிஸ்க்ஸ் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது, நல்ல கருவிதான், நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் டிஸ்க் ஒவ்வொரு முறையும் தானாக மவுண்ட் ஆக, அதாவது ஒரு ஃபோல்டர் போலத் திறந்து பயன்படுத்தத் தயாராக வேண்டுமென்றால் பல்சக்கர ஐகானை அமுக்கி, மவுண்ட் ஆப்ஷன்ஸுக்குள் போக வேண்டும். அங்கே நோசூட், நோடெவ், நோஃபெயில் என்று கமா போட்டு ஒரு மந்திரம் எழுதியிருக்கும். புதிதாக வந்தவர் அதைப் பார்த்ததும் ஜன்னலை மூடிவிட்டு ஓடாமல் என்ன செய்வார்?

"அப்போ விண்டோஸுக்கே போகலாமே" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. சரி, ஒன்று மட்டும். அங்கேயும் புது டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யத்தான் (முதல்முறை தயார்படுத்தத்தான்) வேண்டும், அதுவும் தேடிப் போய்த்தான். ஆனால் செய்து முடித்தபின் டிஸ்க் உங்களுடையது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நானும் அங்கே நின்றவன். பல வருடம் முன்பு ஏதோ ஒரு வழிகாட்டியைப் பார்த்து, வெளியே மாட்டும் டிஸ்க் ஒன்றின் யுயுஐடியை (அதன் தனி அடையாள எண்ணை) எஃப்எஸ்டேபில், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போது எந்த டிஸ்க்குகளை மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஃபைலில், எழுதி வைத்தேன். ஒரு வரியில் ஆறு பகுதிகள், கடைசி இரண்டு எண்கள் எதற்கென்றே தெரியாமல் எழுதினேன். நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் டிஸ்க்கைத் தம்பி எடுத்துப் போய்விட்டான். மறுநாள் காலை ஒரு வேலையை அனுப்ப வேண்டும், கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரை. 90 விநாடி இல்லாத டிஸ்க்குக்காகக் காத்திருந்துவிட்டு, எமர்ஜென்சி மோட் என்றது, பழுது பார்க்க மட்டும் திறக்கும் நிலை. கம்ப்யூட்டரே போச்சு என்று நினைத்தேன். உண்மையில் அந்த வரியில், டிஸ்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தொடங்கு என்று சொல்லும் நோஃபெயில் என்ற ஒரு சொல் இல்லை, அவ்வளவுதான். டெஸ்க்டாப்பில் அது ஏன் தானாகவே இருக்கக்கூடாது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஃபோனில் படம் எடுத்துக் குழுவில் போட்டுக் கேட்டேன். சிரித்தார்கள். "எஃப்எஸ்டேபைத் தொடும் முன் மூளையைத் தொடணும்" என்று ஒருவர் எழுதினார். அவர் இன்றைக்கும் என் நண்பர் பட்டியலில் இருக்கிறார். நேற்று அந்த எமோஜியைப் போட்டதும் அவர்தான்.

"கஷ்டப்பட்டாத்தான் கத்துக்க முடியும்" என்ற தத்துவத்தையும் பார்த்தேன். கற்க ஆசைப்படுகிறவர் கற்கட்டும், யார் தடுத்தது? படத்தைக் காப்பி செய்ய வந்தவரை ஏன் ஐயா வகுப்பில் உட்கார வைக்கிறீர்கள்? நாம் பட்ட பாட்டை அடுத்தவரும் பட்டால்தான் நம் மனசு ஆறும் போல.

கேள்வி கேட்டவர் பதிவை அழித்துவிட்டார். இதைப் படித்தால் அவருக்கு: டிஸ்க்கை மவுண்ட் செய்துவிட்டு டெர்மினலில் ஒரே வரி. சூடோ (sudo, ரூட்டாக இயக்கு), சிஎச்ஓடபிள்யூஎன் (chown, உரிமையாளரை மாற்று), உங்கள் பயனர் பெயர், டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கும் பாதை. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் இடைவெளி. அந்த 200 ஜிபியும் திரும்ப வேண்டுமென்றால் இன்பாக்ஸுக்கு வாங்க, சொல்லித் தருகிறேன்.