பிளாட் வட்டி 12 வீதம்: ஒரு சிறு திருத்தம்

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் கடன் எடுத்துப் பழைய வீடு வாங்கித் திருத்தி விற்பவர்களுக்கு, பிளாட் வட்டி (முழுக் கடனுக்கும் கடைசிவரை ஓடும் வட்டி) 12 வீதமும், கட்டக் கட்டக் குறையும் மீதிக் கடனுக்கான 12 வீதமும் ஒன்றுதான் என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். அப்படி இல்லை, அண்ணா.

கடன் 10 இலட்சம் ரூபா, 24 மாதம் என்று வைப்போம். பிளாட் முறையில் கடன் முதலைக் கட்டிக் குறைத்து வந்தாலும் முழுத்தொகைக்கே வட்டி ஓடும்: மாதத் தவணை சுமார் 51,667 ரூபா. மீதிக்கு மட்டும் வட்டி என்றால் சுமார் 47,073. மொத்தத்தில் 110,000 ரூபாவுக்கு மேல் வித்தியாசம். மேசன் கூலிக்கு வைத்திருக்கும் காசு அது. பிளாட் 12 என்பது உண்மையில் வருடத்துக்கு 21 வீதத்துக்கும் மேல்.

எக்செலில் ரேட் (RATE) சூத்திரத்தில் 24, -51667, 1000000 என்று போட்டு, வரும் மாத வட்டி வீதத்தை 12ஆல் பெருக்கிப் பாருங்கள். கையெழுத்துக்கு முன் தவணை அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள்.