'டோர்ட்' பழஞ்சொல் அன்று

'டோர்ட்' என்பது அடர்த்தியைக் குறித்த, வழக்கொழிந்த ஆங்கிலச் சொல் என்று பழஞ்சொற்களின் பட்டியல் ஒன்றில் சேர்த்திருப்பது சரியன்று. அப்படியொரு சொல் வழக்கில் இருந்ததே இல்லை. 1931 ஜூலையில் வெப்ஸ்டர் அகராதியின் வேதியியல் பதிப்பாசிரியர், பெரிய 'டி', சிறிய 'டி' இரண்டுமே அடர்த்தியின் சுருக்கக் குறியீடாக வரும் என்பதைத் தெரிவிக்க, நடுவே 'அல்லது' எனப் பொருள்படும் 'ஆர்' சேர்த்து, 'D or d' என்று ஒரு சீட்டு அனுப்பினார். தலைச்சொற்களை எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்வது அப்போது அங்கே வழக்கம் என்பதால், சுருக்கங்களுக்கான கட்டில் சேர வேண்டிய அந்தச் சீட்டு சொற்களுக்கான கட்டில் கலந்தபோது, நான்கு எழுத்துகளும் 'Dord' என ஒரே சொல்லாகத் தோன்றிவிட்டன. உச்சரிப்புக் குறிப்பும் சேர்ந்து, 1934 பதிப்பில் அது அச்சேறியது. வேர்ச்சொல் விளக்கமே இல்லாததை 1939இல் ஒரு பதிப்பாசிரியர் கவனித்த பிறகுதான் பிழை தெரிந்தது. ஆகவே, அகராதியில் இருந்தது என்பதையே சான்றாகக் காட்டாமல், அச்சொல்லைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டுகிறேன்.