11 நாளும் 76 மாதமும்

வயதான பிறகு என்ன ஏற்பாடு என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது, தூக்கத்திலேயே பொட்டுனு போயிடணும்." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு, அதோடு பேச்சு முடிந்தது. என் அப்பாவும் அதையேதான் வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிக்கொண்டிருந்தார். 71 வயதில் ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவரின் வலது கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. பக்கவாதம். மருத்துவமனையில் 11 நாள், அதற்கப்புறம் வீட்டில் 76 மாதம்.

அந்த 11 நாளுக்கு நாங்கள் நன்றாகத் தயாராக இருந்தோம். இன்சூரன்ஸ் இருந்தது, வருஷம் தவறாமல் பிரீமியம் கட்டியிருந்தோம், பில்லில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது. டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கண்டம் தப்பியது என்றார்கள், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அந்த இன்சூரன்ஸ் கார்டு அடுத்த 76 மாதமும் மேஜை டிராயரில் சும்மா கிடந்தது. ஏனென்றால் அப்பாவுக்கு அதற்குப் பிறகு தேவைப்பட்டது சிகிச்சையே இல்லை. அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், யூரின் பேக்கைக் காலி செய்ய வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு அவர் முனகினால் எழுந்து பார்க்க வேண்டும். இதற்கு எந்த கிளெய்ம் படிவத்திலும் இடம் கிடையாது.

எல்லாம் முடிந்த பிறகு அக்கா எழுதி வைத்திருந்த செலவு நோட்டுகளை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டினேன். காற்று மெத்தை, டயப்பர், கையுறை, பிசியோதெரபி, பகல் ஆள், ராத்திரி ஆள், ஆள் வராத நாளுக்கு ஏஜென்சியிடமிருந்து திடீரென்று வந்த இன்னொரு ஆள். இன்சூரன்ஸ் கட்டிய மருத்துவமனை பில் மொத்தமும், வீட்டுச் செலவில் ஐந்து மாதத்துக்குக்கூடக் காணாது. நாம் எல்லோரும் பயந்து பயந்து பணம் ஒதுக்குவது அந்தப் பெரிய பில்லுக்கு. சேமிப்பை அரித்துத் தின்றது என்னவோ மாதாமாதம் போன சின்னச் சின்னத் தொகைதான், அது நிற்கவே இல்லை.

சிகிச்சை வேறு, பராமரிப்பு வேறு என்பதை மருத்துவ உலகம் ரொம்ப நாளாகவே தெரிந்து வைத்திருக்கிறது. சிட்னி கட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963-ல் தன் குழுவோடு சேர்ந்து ஓர் அளவுகோல் கொடுத்தார். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய் வருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலத்தை அடக்க முடிவது, தானே சாப்பிடுவது என்று ஆறே ஆறு விஷயம். இன்றைக்கும் பல நாடுகளில் நீண்டகாலப் பராமரிப்பு இன்சூரன்ஸ் பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது இந்த ஆறையோ அதை ஒட்டிய பட்டியலையோ வைத்துத்தான். இரண்டில் முடியாவிட்டால் என்று ஒரு பாலிசி சொல்லும், மூன்றில் என்று இன்னொன்று சொல்லும். அப்பாவுக்கு ஆறில் ஆறும் போயிருந்தது. ஆனால் எங்களிடம் இருந்தது அந்த மாதிரி பாலிசியே இல்லையே!

இது எங்கள் வீட்டு முட்டாள்தனம் மட்டும்தானா என்றால் அப்படியும் தெரியவில்லை. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இருக்கும் மெடிகேர் என்ற அரசு இன்சூரன்ஸ், மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு திறன்சார்ந்த நர்சிங் கவனிப்புக்கு அதிகபட்சம் 100 நாள் கொடுக்கிறது, அதிலும் முழுதாகக் கொடுப்பது முதல் 20 நாளுக்குத்தான். குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்பது மட்டுமே தேவையென்றால் அதுவும் கிடையாது. அப்புறம் சொந்தச் சேமிப்பு கிட்டத்தட்டக் கரைந்த பிறகு ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்துக்குப் போக வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் வேலை பார்த்தால் 48 மணி. படுக்கையில் இருப்பவருக்கு எப்போதும் பக்கத்தில் ஒருவர் வேண்டுமென்றால் மூன்றரை ஆள் சம்பளம் வேண்டும். ஆள் லீவே எடுக்காமல் இருந்தால்தான் இந்தக் கணக்கும். "வீட்டோடு ஒரு ஆள் வைத்துக்கொண்டால் போச்சு" என்பவர்களுக்கு ஒரு கேள்வி: அந்த ஆள் எப்போது தூங்குவார்? படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடச் சொன்னார்கள். பெட்ஷீட்டை நாலாக மடித்து இடுப்புக்கு அடியில் போட்டு, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு" சொல்லி ஒரே தூக்காகத் தூக்கித் திருப்ப வேண்டும். இழுத்தால் தோல் உரியும். நாளைக்கு 12 தடவை என்றால் வருஷத்துக்கு 4,380 தடவை. இதில் மெஷின் செய்வது ரொம்பக் கொஞ்சம், மீதி எல்லாம் மனுஷக் கைதான். அதனால்தான் டிவி, செல்போன் விலை குறைகிற மாதிரி இது குறையாது. ஊரில் சம்பளம் ஏற ஏற இந்தச் செலவும் ஏறிக்கொண்டே போகும், அப்படி ஏறுவதுதான் அந்த வேலை செய்பவர்களுக்கும் நியாயம். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று தெரியும் பழைய கணக்கு இருக்கிறதே, அது விலை ஏற்றத்துக்கும் பொருந்தும். வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் இரட்டிப்பு, 24 வருஷத்தில் நாலு மடங்கு. இப்போது ஐம்பது வயதில் இருப்பவர் இன்றைய விலையை வைத்து எழுபத்தைந்துக்குத் திட்டம் போட்டால் அது தேவையில் கால்வாசிகூட இருக்காது.

இதையெல்லாம் கூட்டி முடித்துவிட்டுப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பொறுமையாகப் பார்த்தாள். "கணக்கெல்லாம் சரிதான்டா. இதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்பா விழுந்த ஏழாவது மாதம் அவள் வேலையை விட்டாள். அப்போது அவளுக்கு 49 வயது, அடுத்த ஆண்டு பதவி உயர்வு வர வேண்டியது. ஆறு வருஷச் சம்பளம் போனது, அதில் சேர்ந்திருக்க வேண்டிய ஓய்வூதியப் பணம் போனது, 55-ல் திரும்பப் போய்க் கேட்டபோது பழைய வேலை இல்லை, முதுகுவலி மட்டும் நிரந்தரமானது. டயப்பர் வாங்கிய தேதி எல்லாம் இருக்கிற நோட்டில் இதற்கு ஒரு வரி இல்லை. ஏனென்றால் அது "செலவு" இல்லை பாருங்கள், "நம்ம வீட்டுப் பொண்ணு பார்த்துக்கிட்டா". நான் மாதாமாதம் பணம் அனுப்பினேன், வந்து பார்த்தேன், எல்லோரும் என்னை நல்ல பிள்ளை என்றார்கள்.

என் கருத்து என்று ஒன்று இருந்தால் இதுதான். முதுமைக்குப் பணம் சேர்க்கவில்லை என்றால் பராமரிப்பு நின்றுபோகாது, யாராவது ஒருவர் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துக் கட்டுவார், பெரும்பாலும் மகள் அல்லது மருமகள் அல்லது மனைவி. "பிள்ளைங்க பார்த்துக்குவாங்க" என்று சொல்லும்போது எந்தப் பிள்ளை, எந்த வேலையை விட்டு, எத்தனை வருஷம் என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். வாயில் வராது.

ஜெர்மனியில் 1995-ல் பராமரிப்பு இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியபோது இதை யோசித்திருக்கிறார்கள். ஆள் அனுப்பச் சொல்லலாம், அல்லது வீட்டில் பார்ப்பவருக்குக் கொடுக்கப் பணமாகவே வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் பார்க்கிற உறவினருக்கு, சில நிபந்தனைகளோடு, ஓய்வூதியச் சந்தாவையும் அந்தக் காப்பீடே கட்டுகிறது. இதைப் படித்த அன்று அக்காவுக்கு அனுப்பினேன், ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது. ஜப்பானில் 2000-ல் தொடங்கினார்கள். 40 வயதிலிருந்தே சந்தா, பாதி நிதி வரியிலிருந்து. வீட்டில் பார்க்க மகள் இருக்கிறாளா மருமகள் இருக்கிறாளா என்று பார்த்துத் தகுதியை முடிவு செய்வதில்லை, அந்த முதியவரால் என்ன முடியும் என்ன முடியாது என்பதுதான் அளவு. நெதர்லாந்து இதற்கெல்லாம் முன்னோடி, 1968-லேயே செய்துவிட்டது. சிங்கப்பூர் 2020-ல் கொண்டு வந்த திட்டத்தில் நான் சொன்ன ஆறு மாதிரியே ஆறு விஷயம், அதில் மூன்று முடியாமல் போனால் மாதாமாதம் பணம்.

எல்லோரையும் ஏன் கட்டாயமாகச் சேர்க்கிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. நமக்கு இது தேவையே படாமலும் போகலாம், பத்து வருஷம் தேவைப்படவும் செய்யலாம், யாருக்கு எது என்று முன்கூட்டித் தெரியாது. தனி ஆளாகப் பத்து வருஷத்துக்குச் சேர்ப்பது பெரும்பாலோருக்கு முடியாத காரியம், பலருக்கு வீண் காரியமும்கூட. கூடிச் சேர்த்தால்தான் சுமை தாங்கும். அமெரிக்கா 2010-ல் விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சேரலாம் என்று ஒரு திட்டத்துக்குச் சட்டம் போட்டது. நோய் வரும் என்று பயப்படுகிறவர்கள் மட்டும்தான் சேருவார்கள், சந்தா எகிறிவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, தொடங்குவதற்கு முன்பே 2013-ல் ரத்து செய்துவிட்டார்கள். இங்கிலாந்தில் ஒருவர் வாழ்நாளில் கட்ட வேண்டிய பராமரிப்புச் செலவுக்கு உச்சவரம்பு வேண்டும் என்று அரசு அமைத்த டில்னாட் குழு 2011-ல் சொன்னது, 2014-ல் சட்டமும் வந்தது, அப்புறம் தள்ளிவைத்தார்கள், திரும்பக் கொண்டு வந்தார்கள், திரும்பத் தள்ளிவைத்தார்கள், 2024-ல் கைவிட்டே விட்டார்கள். அரசாங்கத்தைக் கேட்காமல் இருக்கக் கூடாது, அதை மட்டும் நம்பியும் உட்கார முடியாது. மாதச் சம்பளம் மாதக் கடைசிக்கே காணாதவர்களிடம் போய்ச் சேமி என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. அவர்களுக்குப் பொதுத் திட்டம்தான் வழி, அதற்காகக் குரல் கொடுக்க வேண்டியது ஓரளவு வசதி உள்ள நாம்.

தனியார் பாலிசி எடுக்கலாமா என்று கேட்டால், கிடைக்கிற இடத்தில் இருந்தால் படித்துப் பார்த்து எடுங்கள். விளம்பரத்தை விட்டுவிட்டு நிபந்தனைகளைப் படியுங்கள். ஆறில் எத்தனை முடியாமல் போக வேண்டும், மறதி நோய் சேர்ந்திருக்கிறதா, வீட்டிலேயே பார்த்தால் தருவார்களா அல்லது இல்லத்தில் சேர்த்தால்தானா, முதல் 90 நாள் உங்கள் கைக்காசா, கொடுக்கும் தொகை விலைவாசியோடு ஏறுமா. ஏறாது என்றால் மேலே சொன்ன கால்வாசிக் கணக்குதான். பிரீமியத்தை இடையில் ஏற்ற அவர்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் இந்த பாலிசி விற்ற கம்பெனிகள், நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று நம்பிக் குறைந்த விலைக்கு விற்றன. ஜனங்கள் விடவில்லை, நீண்ட நாள் வாழ்ந்தார்கள், வட்டியும் குறைந்தது. கடைசியில் வயதானவர்கள் தலையில் பிரீமியத்தைக் கடுமையாக ஏற்றினார்கள், பல கம்பெனிகள் விற்பதையே நிறுத்திவிட்டன.

பணத்தைவிட எங்களை அதிகம் அலைய வைத்தது கையெழுத்து. அப்பாவின் பேச்சு போய்விட்டது, வலது கையும் போய்விட்டது. சேமிப்பு முழுக்க அவர் ஒருவர் பெயரில். நாமினி அம்மாதானே என்று போய் நின்றால், நாமினிக்கு உரிமை அவர் இறந்த பிறகுதான் என்றார்கள். அவர் உயிரோடு இருந்தார், அவர் வைத்தியத்துக்கு அவர் பணத்தை எடுக்க முடியவில்லை. பவர் பத்திரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலேயச் சட்ட வழக்கத்தில் சாதாரண பவர், கொடுத்தவருக்குச் சுயநினைவோடு முடிவெடுக்கும் திறன் போனால் அதுவும் போய்விடும், அதாவது சரியாகத் தேவைப்படும் அன்று செல்லாது. இதற்காகவே இங்கிலாந்தில் 1985-ல் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீலிடம் கேளுங்கள், கையும் நினைவும் நன்றாக இருக்கும்போதே கேளுங்கள். குறைந்தபட்சம் கணக்கை இரண்டு பேர் பெயரில், யாரும் ஒருவர் எடுக்கலாம் என்று மாற்றி வையுங்கள்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கே எல்லாம் செலவாகி, அம்மாவின் முறை வந்தபோது கையில் இருந்தது வீடு மட்டும்தான். பொதுவாகப் பெண்கள் கூடுதல் ஆண்டுகள் வாழ்கிறார்கள், பல ஜோடிகளில் வயதிலும் இளையவர்கள். அதனால் இருக்கிற பணமெல்லாம் முதலில் விழுந்த கணவருக்குப் போய்விடுகிறது, இரண்டாவதாக விழுபவருக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. எனவே நானும் மனைவியும் இப்போது இரண்டு தனிப் பை வைத்திருக்கிறோம். எனக்கு என்ன ஆனாலும் அவள் பையைத் தொடக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறேன். படித்துவிட்டு அவள் சண்டை போட்டாள். "உங்களுக்கு முடியாம போனா நான் பார்த்துக்கிட்டு சும்மா இருப்பேனா?" சும்மா இருக்க மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதினேன் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை.

அக்காவின் ஆறு வருஷத்துக்கு என்ன தொகை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டை விற்றால் வருவதில் என் பங்கும் அவளுக்கே என்று பத்திரம் தயாராகிக்கொண்டிருக்கிறது. வேண்டாம் என்றாள், பிறகு கொஞ்ச நேரம் கழித்து, சரி என்றாள்.

இன்னொன்று, சின்ன விஷயம். அப்பாவின் வீல்சேர் 65 சென்டிமீட்டர் அகலம், அந்த வீட்டு பாத்ரூம் கதவு 60. அந்த ஐந்து சென்டிமீட்டருக்காக 76 மாதம் அவரைக் கட்டிலிலேயே துடைத்துக் குளிப்பாட்டினோம், ஒரு நாள்கூடத் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்ததில்லை. போன வாரம் என் வீட்டுக் கதவை அளந்து பார்த்தேன், 62. கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார்.