அடுக்களை கிரானைட்டைப் பெயர்க்க வேண்டாம்

அண்ணாச்சி, "கிரானைட் மேடையிலிருந்து ரேடான் வருது, புற்றுநோய் வரும், பெயர்த்துட்டு டைல்ஸ் ஒட்டுங்க"ன்னு எழுதியிருக்கீங்க. ரேடான்ங்கிற கதிரியக்க வாயு நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும்கிறது சரி. உங்க முடிவு தப்பு.

கிரானைட்டில் சிறிதளவு யுரேனியம் உண்டு. அது சிதைஞ்சு ரேடியமாகி, பிறகு ரேடானாகும். ஆனா மேடைக்கல் 18–20 மி.மீ. கனம்தான். வீட்டுக்குள்ள வர்ற ரேடானில் பெரும்பகுதி அடிமண்ணிலிருந்து, தரை விரிசல், பைப் நுழையும் இடுக்கு வழியா ஏறுது. கல்லை எடுத்தா அது நிற்காது. மேடைக்கல்லை நீங்க குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கதிரியக்கக் கடற்கரை மணலோட ஒப்பிட்டதும் பொருந்தாது: அங்கே மோனசைட்ங்கிற கனிமத்தில் உள்ளது பெரும்பாலும் தோரியம். அதிலிருந்து வர்ற தோரான் (ரேடானோட இன்னொரு வகை) 56 விநாடியில் பாதியாயிடும், ரேடானுக்கு 3.8 நாள்.

சந்தேகம்னா அளங்க. ரேடானை அளக்கிற ஆல்ஃபா தட டிடெக்டர்ங்கிற கருவியைக் கல் மேல வைக்காம, படுக்கையறையில் மூச்சு விடுற உயரத்தில், ஜன்னலைவிட்டுத் தள்ளி 3 மாசம் வையுங்க. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிற அளவு கன மீட்டர் காற்றுக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கிற அலகு). கூடினா விரிசலை அடைச்சு, காற்றோட்டத்தைக் கூட்டுங்க. ஏசிக்காக எப்பவும் அடைச்சே கிடக்கிற தரைத்தள அறையைத்தான் முதல்ல பார்க்கணும்.

உண்மையான ஆபத்து கல்லை உடைக்கிறதுலதான்: தண்ணி விடாம அறுத்தா பறக்கிற சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கிடும். அறுக்கிறவருக்கு என்95 மாஸ்க் கட்டாயம். துணியைக் கட்டிக்கிட்டா போதாது.