ஜிஜி1 பற்றி ஒரு சின்னத் திருத்தம்

பிரான்சிலிருந்து 1919-இல் அமெரிக்காவில் குடியேறிய வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவிதான் பென்சில்வேனியா ரயில்ரோடு என்ற அமெரிக்க ரயில் நிறுவனத்தின் ஜிஜி1 மின்சார இன்ஜினை முழுக்க வடிவமைத்தவர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியில்லை. அடிப்படை உருவம் டொனால்ட் டோனர் என்ற வடிவமைப்பாளருடையது. தகடுகளை ரிவெட் ஆணிகளால் இணைப்பதை விட்டு உடலை வெல்டிங் செய்யச் சொன்னதும், ஐந்து பொன்னிறக் கோடுகளும் லோவியின் கைவண்ணம். (அதுவே பெரிய விஷயம்தான்!)

கண்ணாலேயே சரிபார்க்கலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ரயில்ரோடு அருங்காட்சியகத்தில் 4800, 4935 என்று இரண்டு ஜிஜி1கள் நிற்கின்றன. படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 1934-இன் மாதிரி இன்ஜினான 4800-இல் உடல் முழுக்க ரிவெட் புள்ளிகள், 4935 வழவழவென்று இருக்கும். ஆனால் உருவம் இரண்டிலும் ஒன்றே.