ஆளைக் குறைச்சாச்சு, கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கு

அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களோட கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ போராட்டம்னு ஒரு செய்தி வந்தாப் போதும், கீழ கமெண்ட்ல ஒரே வசனம்தான். பாதி பேரை வீட்டுக்கு அனுப்புங்க, நம்ம வரிப்பணம் பூரா இவங்க சம்பளத்துக்கே போகுது. இந்தக் கோபம் எனக்குப் புரியுது, தாலுகா ஆபீஸ்ல ஒரு சர்ட்டிபிகேட்டுக்கு நின்னுட்டு வந்தவன் எவனா இருந்தாலும் அப்படித்தான் பேசுவான். ஆனா செலவைக் குறைக்கிறதும் ஃபைலை ஆறு மேஜைக்கு அலைய விடறதைக் குறைக்கிறதும் ஒரே வேலைன்னு நெனச்சுட்டுப் பேசறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்துப்போகல. முதல் வேலையை தமிழ்நாட்டுல எத்தனையோ தடவை பண்ணிப் பாத்தாச்சு. ரெண்டாவதை ஒண்ணு ரெண்டு இடம் தவிர எவனும் தொட்டதில்ல.

2003 ஞாபகம் இருக்கறவங்க இருப்பீங்க. அதுக்கு முன்னாடியே 2001 நவம்பர்ல புதுசா ஆளெடுக்கத் தடை போட்டாச்சு. அப்புறம் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்றவங்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, சம்பளத்துல 10 சதவீதம் பிடிப்போம், அரசும் அதே அளவு போடும்னு சிபிஎஸ்ங்கிற பங்களிப்பு பென்ஷன் திட்டத்தைக் கொண்டுவந்தாங்க. சலுகையெல்லாம் வெட்டினதை எதிர்த்து ஜூலை 2ல ஸ்ட்ரைக், உடனே ஸ்ட்ரைக்கைத் தடுக்கற டெஸ்மா சட்டம், ராத்திரியோட ராத்திரியா தலைவர்கள் கைது, கிட்டத்தட்ட 1,70,000 பேர் டிஸ்மிஸ். சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிச்சு? அரசு ஊழியருக்கு ஸ்ட்ரைக் பண்ற உரிமையே கிடையாது, மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டு உள்ள போங்கன்னுச்சு. எங்க தெருவுல ஒரு ஹெட் கிளார்க் இருந்தார், கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு அந்தக் கடிதத்தை எழுதினார், அதுக்கப்புறம் ரிட்டையர் ஆகற வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல.

இத்தனை கெடுபிடி பண்ணின அதிமுக அரசு அடுத்த வருஷம் 2004 மே லோக்சபா எலெக்‌ஷன்ல தமிழ்நாட்டோட 39 சீட்டையும் விட்டுச்சு. ரிசல்ட் வந்த சூட்டோட ஊழியர்கள் மேல போட்ட நடவடிக்கை வாபஸ், விவசாயிக்கு இலவச கரண்ட் திரும்ப வந்துச்சு, வசதியானவங்களுக்கு ரேஷன் பொருள் கிடையாதுன்னு கார்டுல ஹெச்னு குத்தின முத்திரையும் போச்சு. இதுல ரொம்ப வருஷம் நிலைச்சு நின்ன பெரிய வெட்டு எதுன்னு பாருங்க, சிபிஎஸ்தான். ஏன் நின்னுச்சு? அது விழுந்தது அன்னிக்கு வேலைலயே இல்லாத, சங்கத்துல சந்தா கட்டாத, இன்னும் டிஎன்பிஎஸ்சி ஃபாரமே வாங்காத பசங்க தலையில. அவங்க வேலைக்கு வந்து எண்ணிக்கை ஆகி குரல் குடுக்கறதுக்கு பல வருஷம் ஆச்சு, 2021ல பழைய பென்ஷன் திமுக தேர்தல் அறிக்கையிலயே ஏறிடுச்சு. ஆக, கத்தறதுக்கு ஆள் இல்லாத எடத்துலதான் வெட்டு நிக்கும். நம்ம அரசாங்கங்கள் 2003ல படிச்ச பாடம் இது ஒண்ணுதான், அதை ரெண்டு கட்சியும் நல்லாவே படிச்சிருக்கு.

அதனாலதான் அப்புறம் யாரும் டிஸ்மிஸ்னு பேசறதே இல்ல. ஒருத்தர் ரிட்டையர் ஆனா அந்த எடத்தைச் சும்மா காலியா விட்டுடறது. அ1 எழுத்தர் போனா அ2 "கூடுதல் பொறுப்பு". ஒரு விஏஓ தலையில ரெண்டு மூணு கிராமம். இல்லாட்டி தொகுப்பூதியம், அதாவது மாசம் ஒரே தொகை, அவ்வளவுதான். 2012ல 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாசம் 5,000 ரூபாய்க்கு எடுத்தாங்க, ஓவியம், தையல், உடற்கல்வி. 2015ல தேர்வு எழுதி ஜெயிச்சு வந்த நர்ஸுகளுக்கு ஆரம்பத்துல 7,700 ரூபாய். சென்னையில ரெண்டு மண்டலத்துல குப்பை அள்றதைத் தனியாருக்குக் குடுத்தப்ப தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்ட்ல ரிப்பன் பில்டிங் வாசல்ல 13 நாள் உட்கார்ந்திருந்தாங்களே, ராத்திரியில போலீஸ் வந்து அப்புறப்படுத்துச்சே, அதுவும் இந்தக் கணக்குதான். செலவு குறைஞ்சுதான்னு கேட்டா பேப்பர்ல குறைஞ்சுச்சு. ஆனா ஊசி போடற, குப்பை அள்ற, பாடம் நடத்தற ஆளுங்க கிட்டதான் குறைச்சிருக்காங்க, நோட் எழுதற மேஜை ஒண்ணுகூட குறையல.

கிராமங்கள்ல வேலை பாத்த மக்கள் நலப் பணியாளர்கள் கதையை யாராவது சீரியலா எடுக்கலாம். திமுக வந்தா வேலை, அதிமுக வந்தா டிஸ்மிஸ். 1991, 2001, 2011னு மூணு தடவை வீட்டுக்கு அனுப்பினாங்க, கடைசி தடவை சுமார் 13,500 பேர், அப்புறம் கேஸு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. வக்கீலுக்கு அரசு குடுத்த ஃபீஸையும் சிக்கனக் கணக்குலதான் எழுதினாங்களான்னு தெரியல.

இப்ப ஃபைல் விஷயத்துக்கு வரேன். எங்க அண்ணி ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில ஹெச்எம். பள்ளிக்கூட மோட்டார்ல காயில் கருகிப் போச்சு, பொம்பளப் புள்ளைங்க பாத்ரூம்ல தண்ணி இல்ல. காயில் கட்ட 3,800 ரூபாய். அதுக்கு மேலாண்மைக் குழு கூடித் தீர்மானம் போடணும், மூணு கடையில கொட்டேஷன் வாங்கணும், மேல கடிதம் அனுப்பணும். ஊர்ல வைண்டிங் கடை இருக்கறதே ஒண்ணு. அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டா, கடைக்காரர் சிரிச்சுட்டே டிராயரைத் திறந்து மூணு கடை பேருல மூணு லெட்டர்ஹெட் எடுத்து வைக்கிறார், ஒண்ணுல 3,800, இன்னொண்ணுல 4,200, மூணாவதுல 4,500. அவருக்கு இது பழகிப்போச்சு, எல்லா ஆபீஸும் அவர்கிட்டதான் வருது. அப்புறமும் பில் ஒரு தடவை திரும்பி வந்துச்சு, தீர்மானத்துல தேதி அடிச்சுத் திருத்தியிருக்காம். அண்ணி கைக்காசைப் போட்டு எப்பவோ மோட்டாரை ஓட விட்டுட்டாங்க. மூணு கொட்டேஷன்ங்கிற விதி திருட்டைத் தடுக்க வந்தது. இங்க அது நேர்மையான ஒரு டீச்சரைப் பொய்க் காகிதம் வாங்க வச்சதுதான் மிச்சம்.

இந்தக் கையெழுத்தெல்லாம் ஏன் போகமாட்டேங்குதுன்னா, ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் ஒரு பயம் இருக்கு. பில் பாஸ் பண்ணின கிளார்க்குக்கு நாலு வருஷம் கழிச்சு ஆடிட்ல தடை வரும், ரிட்டையர் ஆகற நேரம் பாத்து நிலுவை இல்லைன்னு சர்ட்டிபிகேட் கேப்பாங்க, கிடைக்காட்டி பணப்பலன் நிக்கும். அவர் என்ன பண்ணுவார்? "தக்க ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது"ன்னு எழுதி மேல தள்ளுவார். மேல இருக்கறவரும் அதையே பண்ணுவார். வேலையை லேட் பண்ணினவனுக்கு எந்த ஆடிட்டும் கிடையாது, முடிச்சவனுக்குத்தான் ஆடிட். இதுல சிக்கன உத்தரவு வேற வந்துட்டா கேக்கவே வேண்டாம். 2020 மே மாசம் கொரோனா நேரத்துல ஆபீஸ் செலவுல 20 சதவீதம் வெட்டு, ஃபர்னிச்சர்ல பாதி வெட்டுன்னு உத்தரவு போட்டாங்க, சரி, அன்னிக்கு நிலைமை அப்படி. ஆனா வெட்டுக்கு விதிவிலக்கு வேணும்னா தனியா ஒரு கடிதம், அதுக்கு ஒரு ஃபைல், அதுக்கு நிதித்துறை ஒப்புதல். ஒரு நாற்காலியை மிச்சம் பண்ண நாலு பேர் நாற்காலியில உட்கார்ந்து எழுதணும்.

அதே மாசம் ரிட்டையர்மென்ட் வயசு 58லேர்ந்து 59 ஆச்சு, 2021 பிப்ரவரியில 60. பணப்பலன் அப்போதைக்குக் குடுக்க வேண்டாம், அவ்வளவுதான் லாபம். அந்த பில் தள்ளிப்போச்சே தவிர எங்கயும் போகல. புதுசா ஒருத்தனுக்குக் குடுக்கறதைவிட சீனியர் சம்பளம் ஜாஸ்தி, நடுவுல கோச்சிங் சென்டர்ல உட்கார்ந்திருந்த பசங்களுக்கு ரெண்டு வருஷம் போச்சு.

உண்மையான பணம் எங்க ஒழுகுதுன்னு 2021 ஆகஸ்ட்ல அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கையில போட்டுக் காமிச்சார். அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினா 59.15 ரூபாய் நஷ்டம், ஒவ்வொரு குடும்பத்து மேலயும் 2,63,976 ரூபாய் கடன். அறிக்கை வந்த ரெண்டு நாள் எல்லாரும் பேசினோம். சம்பளம், பென்ஷன், வட்டி மூணும் பெரிய சுமைங்கிறதை நானும் மறுக்கல, சங்கங்கள் இதைப் பத்திப் பேசவே மாட்டேங்கிறது எனக்கும் எரிச்சல்தான். 2018ல ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி ஆதிசேஷய்யா தலைமையில ஒரு குழு போட்டாங்க, எந்தப் பணியிடம் தேவை, எது தேவையில்லன்னு பாக்க. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனா எந்த வேலையை அவுட்சோர்ஸ் பண்ணலாம்னும் பாக்கச் சொன்னதால, எல்லார் காதுலயும் அது மட்டும்தான் விழுந்துச்சு, அந்தக் குழுவைப் போட்ட அரசாணை 56ஐ ரத்து பண்ணுங்கிறது 2019 ஜனவரி ஸ்ட்ரைக்ல ஒரு கோரிக்கையாவே ஆயிடுச்சு. ஆளை எண்றதுக்கு முன்னாடி ஒரு ஃபைல் எத்தனை மேஜைக்குப் போகுதுன்னு எண்ணியிருந்தா கதையே வேற. மேஜையைக் குறைச்சா ஆள் தானா நர்ஸ் பக்கம், சர்வேயர் பக்கம் மாறும், யாரையும் டிஸ்மிஸ் பண்ண வேண்டியதில்ல.

முடியாதுன்னு சொல்லாதீங்க, முடிஞ்சிருக்கு. முன்னாடி ஒரு ஜெராக்ஸுக்குப் பச்சை மையில கையெழுத்து வாங்க கெஜட்டட் ஆபீசர் வீட்டு வாசல்ல நின்னோமே, இப்ப நாமளே கையெழுத்துப் போட்டுக்கறோம், நாடு ஒண்ணும் கவிழல. 2024 ஜூலையில 2,500 சதுர அடி மனைக்குள்ள 3,500 சதுர அடி வரைக்கும் வீடு கட்ட சுயசான்று முறை வந்துச்சு, ஆன்லைன்ல பணம் கட்டினா உடனே அனுமதி, யாரும் வந்து பாக்க மாட்டாங்க. அதுக்காக ஒருத்தர் வேலையும் போகல.

என் மச்சான் அப்படித்தான் அப்ளை பண்ணி பிரிண்ட் அவுட் எடுத்துட்டு வந்தான். அடுத்த வாரம் ஆபீஸ்லேர்ந்து ஃபோன். "பிளான் எல்லாம் கரெக்டா இருக்கு சார், இருந்தாலும் ஒரு தடவை நேர்ல வந்து பாத்துட்டுப் போங்க". எதுக்குன்னு கேட்டதுக்குப் பதில் இல்ல. இவனும் போகல. வீடு லிண்டல் மட்டம் வந்தாச்சு, ரெண்டாவது ஃபோன் இன்னும் வரல.