எக்ஸ் லிமிடெட் கணக்கு போதும், ஆண்டறிக்கையைப் பிரித்துக் கொடுங்கள்

எம்.காம்., எம்.பி.ஏ. வகுப்புகளில் நிதிப் பகுப்பாய்வும் முதலீட்டு மேலாண்மையும் நடத்துகிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எக்ஸ் லிமிடெட், ஒய் லிமிடெட் என்று பாடப்புத்தகத்தில் வரும் கற்பனைக் கம்பெனிக் கணக்குகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாணவர் கையில் ஒரு நிஜ கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கொடுங்கள்.

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். நம்ம ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகளில் நிதி படித்துவிட்டு வேலை கேட்டு வரும் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். நடப்பு விகிதத்துக்கு, அதாவது குறுகிய காலக் கடனுக்கு ஈடாகக் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதற்குச் சூத்திரம் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். அறிக்கையைக் கையில் கொடுத்து, இந்தக் கம்பெனி கடனைக் கட்டுமா என்று கேட்டால் எந்தப் பக்கத்தைத் திருப்புவது என்றே தெரியவில்லை. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. படித்த காலம் முழுக்க யாரும் அவர்களுக்கு அதைப் பிரித்துக் காட்டவில்லை. இத்தனைக்கும் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் என்.எஸ்.இ., பி.எஸ்.இ. பங்குச்சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகவே கிடக்கின்றன.

எந்தக் கம்பெனியில் தொடங்குவது? நம்ம கரையிலிருந்தே தொடங்கலாம். ராமேஸ்வரம், பாம்பன் பிள்ளைகளுக்குச் சங்காயம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நல்ல மீனோடு வலையில் ஏறிவரும் அந்தப் பொடி மீன் மீன்தூள் ஆலைக்குப் போகிறது. மீன்தூள் இறால் தீவனத்தின் முக்கிய மூலப்பொருள்களில் ஒன்று. அவந்தி ஃபீட்ஸ் மாதிரி ஒரு தீவனக் கம்பெனியின் அறிக்கையை எடுத்து, விற்பனையில் மூலப்பொருள் செலவு எத்தனை சதவீதம், மீன்தூள், சோயா விலை ஏறிய வருஷத்தில் லாபம் என்ன ஆனது என்று தேடச் சொல்லுங்கள். 2025-ல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மேல் 50 சதவீதம் வரை இறக்குமதி வரி ஏற்றியதே, அது இறால் ஏற்றுமதிக் கம்பெனிகளின் காலாண்டுக் கணக்கில் எந்த இடத்தில் தெரிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இறால் விலை இறங்கினால் வீட்டில் என்ன ஆகும் என்று அறிந்த பிள்ளை அந்த இடத்தைத் தானாகவே தேடிப் பிடிக்கும்.

பணத்தைப் பல முதலீடுகளில் பிரித்துப் போடுவதைச் சொல்லும் போர்ட்ஃபோலியோ பாடத்துக்கும் இதேதான். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஹாரி மார்கோவிட்ஸ் 1952-ல் எழுதிய கட்டுரைதான் அதற்கு அடிப்படை. 1990-ல் நோபல் பரிசும் கிடைத்தது. முதலீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் ஆபத்து குறையாது, அவை ஒன்றாக ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும் என்றார் அவர். வகுப்பில் இது, இரண்டு முதலீடுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று அளக்கும் கோவேரியன்ஸ் சூத்திரமாக வந்து, மனப்பாடமாகி, பரீட்சையோடு போய்விடுகிறது. மண்டபத்தில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விசைப்படகு, ஐஸ் ஆலையில் ஒரு பங்கு, கருவாட்டு வியாபாரம். பார்க்க மூன்று முதலீடு. ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் மூன்றும் சேர்ந்து அடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்க வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். வரவு நின்ற மாதத்தில் செலவு. அதே குடும்பத்தில் ஒருவர் துபாயிலிருந்து பணம் அனுப்பினாலோ, கரையை விட்டு உள்ளே இருக்கும் நிலத்தில் கொஞ்சம் முண்டு மிளகாய் விளைந்தாலோ கணக்கே வேறு. கோவேரியன்ஸ் இதுதான். லாபத்துக்கும் ரொக்க ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசமும் இதிலேயே இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டுச் சூத்திரத்தை எழுதினால் எந்தப் பிள்ளைக்கு மறக்கும்?

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இன்னொரு கேள்வி இருக்கிறது. பாடப்புத்தகம் ஆபத்தில்லாத முதலீடு என்று அரசுப் பத்திரத்தையும் வங்கி வைப்பையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். வட்டி வேண்டாம் என்று வாழும் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே பதில் இல்லை. இஸ்லாமிய நெறிக்கு ஒத்த பங்குகளை மட்டும் வைத்து நிஃப்டி 50 ஷரியா என்று ஒரு பங்குக் குறியீடே இருப்பதை எத்தனை வகுப்பில் சொல்கிறார்கள்? முதலில் தொழிலைப் பார்த்து வடிகட்டுகிறார்கள், வங்கியும் மதுவும் அங்கேயே போய்விடும். அப்புறம் கடன் விகிதம், வட்டி வருமானம் என்று கணக்கைப் பார்த்து வடிகட்டுகிறார்கள். விகிதப் பகுப்பாய்வுக்கு நம்ம ஊரிலேயே இதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. வளைகுடாவில் உழைத்துத் திரும்புகிறவர் சேமிப்பை எங்கே வைப்பது என்று கேட்டால், அந்த ஊர்ப் பட்டதாரிதான் பதில் சொல்ல வேண்டும்.

சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியின் கதையையும் வருஷம் தவறாமல் நடத்த வேண்டும். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் பொய் என்று ஒப்புக்கொண்டார். இவ்வளவு ரொக்கம் வைத்திருக்கும் கம்பெனிக்கு வட்டி எவ்வளவு வர வேண்டும், ரொக்கம் குவிந்து கிடக்கையில் கடன் எதற்கு என்று எந்த அறிக்கையைப் பார்த்தும் கேட்கப் பழக்க வேண்டும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், மாதம் 10 சதவீதம் வட்டி தருகிறோம் என்று வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிற ஆளிடமும் பிள்ளை கேட்கும்: அண்ணே, வருஷத்துக்கு 120 சதவீதம் சம்பாதித்துக் கொடுக்க நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?

பங்குச்சந்தை என்றதும் போனில் ஆப்ஷன் வாங்கி விற்பதுதான் இந்தப் படிப்பு என்று நினைக்கும் தம்பிகளுக்கு ஒரு எண் மட்டும். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

பாடத்திட்டத்தை மாற்றப் பல்கலைக்கழகத்தில் குழு கூட வேண்டும், காலம் ஆகும் என்பது சரிதான். அகமதிப்பீட்டு மதிப்பெண் ஆசிரியர் கையில்தானே இருக்கிறது? செமினார், அசைன்மென்ட் என்று கூகுளிலிருந்து எடுத்து ஒட்டுவதற்குப் பதிலாக, ஆளுக்கு ஒரு கம்பெனி, ஐந்து வருஷ அறிக்கை, பத்துப் பக்கத்தில் சொந்த முடிவு: இதில் என் அம்மாவின் பணத்தைப் போடுவேனா, மாட்டேனா, ஏன்?

இந்த மாவட்டத்தில் எந்த வணிகவியல் துறையாவது இந்த செமஸ்டரில் இதைச் செய்ய முன்வந்தால் தகவல் அனுப்புங்கள். அறிக்கைகளை அச்செடுக்கும் செலவு என்னுடையது. சனிக்கிழமை மதியங்களில் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறேன்.